புதன்கிழமைப் பேச்சில் விடுபட்டவர்கள்

அன்பு மகனே,

வருகிற புதன்கிழமை மதியம் உன் ஆபீசுக்கு எதிரே இருக்கிற வேதக்கோயிலில், உன் பக்கத்தில் நின்று நானும் கொஞ்ச நேரம் சாட்சி சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டாய். டிக்கெட் போட்டுவிடவா என்றும் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைப் போனில் சொல்ல எனக்கு வராது. நீ ஒரு வார்த்தை சொல்வாய், நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருப்பேன், சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். ஆனாலும் போன தடவை என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உன் மகள், "பாட்டி, நீங்க டீச்சரா இருந்தீங்களா?" என்று கேட்டாளே, அந்தப் பெருமை எனக்கு இன்னும் இறங்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள். விஷயத்தை மட்டும் திருத்தாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் சபைப் பத்திரிகைக்கு உன் மதிய ஊழியத்தைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி போதகர் ஐயா என்னிடம் கேட்டிருக்கிறார். நாலு வரிக்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். நீ பேசியது ஊரறியப் பேசியது. அதற்கு அம்மா சொல்லும் பதிலும் ஊரறிய இருப்பதுதான் நியாயம். ஆனாலும் பெற்ற மகனைக் கேட்காமல் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ "குடுங்கம்மா" என்று சொன்னால் கொடுப்பேன். இல்லையென்றால் இது உன் மேஜை டிராயரிலேயே கிடக்கட்டும்.

ஆவணி மாதம் மெட்ராஸில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது என்னை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப்போனாய். எனக்குத் தெரிந்த கூட்டங்கள் எல்லாம் சாயங்காலக் கூட்டங்கள். பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, பாட்டே ஒரு மணி நேரம் போகும். நடுவாரத்தில், வேலைக்கு நடுவில், உச்சிவேளையில் வேதப் பேச்சா என்று உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. அங்கே வந்து பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. மணி ஒன்று அடித்ததும் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடிவருகிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு உட்காருகிறார்கள். போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். முகமெல்லாம் காலையிலிருந்தே யாரிடமோ திட்டு வாங்கின முகமாக இருக்கிறது. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் உன் பேச்சு. அதற்குப் பிறகு பின்னால் இருக்கிற ஹாலில் அவரவர் டிபன் பாக்ஸைத் திறந்து பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கை வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். லிஃப்டில் கூட்டம் சேர்வதற்கு முன் போய்விட வேண்டும் என்று பாதிச் சோற்றில் எழும்புகிறவர்களும் உண்டு. இத்தனை அவசரத்துக்கு நடுவிலும் கர்த்தருடைய காலடிக்கு வந்து உட்காருகிறார்களே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. நீ செய்வது நல்ல வேலை. இனி நான் எதை எழுதினாலும் இந்த வரியை மறந்துவிடாதே.

அன்றைக்கு நீ நம் வீட்டுக் கதையைச் சொன்னாய். அப்பாவுக்கு மஞ்சள்காமாலை முற்றி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்த வருசம். நான் அங்கேயே கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தேன். ஊரில் மழை பெய்துவிட்டது, விதைக்க ஆளில்லை. "அம்மா முழங்கால் போட்டு ஜெபித்தார்கள், அப்பா பிழைத்து ஊர் திரும்பியபோது எங்கள் மேலப்புஞ்சை பச்சைப்பசேல் என்று முளைத்து நின்றது, ஒரு விதைகூட நாங்கள் போடவில்லை, நம்முடைய தேவன் விதைக்கிற தேவன்" என்று நீ குரலை இறக்கிச் சொன்னாய். நான் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். யாரோ பேப்பர் கைக்குட்டை நீட்டினார்கள். அந்த நேரத்தில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. மகன் மேடையில் நின்றால் தாய்க்குக் காது பாதிதான் கேட்கும் போல.

சாப்பாட்டு ஹாலில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சுகந்தி என்று பெயர். தேனிப் பக்கம் ஊர், அங்கே ஹாஸ்டலில் இருக்கிறாளாம். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறாராம், அம்மா ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாளாம். லீவு கேட்கப் பயம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்க வீட்ல நடந்த மாதிரி எங்க வீட்லயும் ஒரு அற்புதம் நடக்கணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க" என்றாள். பண்ணுகிறேன் என்றேன். கூட வேலை பார்க்கிறவர்கள் யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா, உன் வேலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வார்களே என்று கேட்டேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். "யார்ட்டயும் சொல்லல ஆன்ட்டி. ஜெபத்துல வச்சிருக்கேன்" என்றாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவள் அவள் ஆபீஸ்காரிதானாம். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல பக்தியுள்ள பிள்ளை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கோவில்பட்டிக்குத் திரும்பிய பிறகு உன் மகள் அந்தப் பேச்சின் வீடியோவை என் போனுக்கு அனுப்பியிருந்தாள். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். பால்காரருக்குக்கூடக் காட்டினேன். அந்தச் சமயத்தில்தான் நம் ஊரிலிருந்து கொண்டல்சாமி மாமா கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வழக்கம்போல நம் வீட்டுக்கு வந்தார். அவிய வீட்டில் தெலுங்கு பேசினாலும் நம்மிடம் நம் பேச்சுத்தான். சீத்தா மதினி தவறிப்போன பிறகு ஆள் பாதியாகிவிட்டார். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம பய பேசுதான் பாருங்க" என்று நானே போனை நீட்டினேன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனைக் காதோரம் பிடித்துக்கொண்டார். நீ அப்பாவின் காமாலையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மழை பெய்ததைச் சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மேலப்புஞ்சை என்று நீ சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பந்தியில் உட்கார்ந்து, அடுத்த இலை நமக்குத்தான் என்று காத்திருப்பவரின் சிரிப்பு அது. நீ அந்த இலையைத் தாண்டிப் போய்விட்டாய். ஆமென் சொல்லி முடிக்கிறவரை அவர் போனைக் கீழே இறக்கவில்லை.

அப்புறம் துண்டால் போனைத் துடைத்து என்னிடம் தந்தார். "நல்லாப் பேசுதான். தொண்ட நல்லா இருக்கு" என்றார். பிறகு சந்தேகம் கேட்கிற மாதிரியே கேட்டார்: "இது எந்த வருசத்தச் சொல்லுதான்? மச்சானுக்குக் காமால வந்துச்சே, அந்த வருசமா, இல்ல வேற வருசமாம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். குத்திக்காட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அவர் நிசமாகவே கேட்டார். தான் இல்லாத ஒரு வருசமும் உண்டோ என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பியவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ இருந்திருந்தா கேட்டுட்டுச் சிரிச்சிருப்பா" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருசத்தில் நீ இருந்தாய், மகனே. சித்தி வீட்டில் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தாய். அதனால் உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. நம் கரிசல் மண்ணின் குணம் உனக்குத் தெரியும். மழை பெய்த உடனே அதில் கால் வைக்க முடியாது, முழங்காலை விடாமல் பிடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் கலப்பை இறங்காது. இரண்டுக்கும் நடுவில் பதம் என்று ஒன்று வரும். அந்தப் பதத்தில் ஏர் பூட்டினவனுக்கு அந்த வருசம் உண்டு, தவறவிட்டவனுக்கு இல்லை. ஒருவன் தன் புஞ்சையை விட்டுவிட்டு அடுத்தவன் புஞ்சைக்கு ஏரைத் திருப்புவது கரிசலில் யாரும் செய்யாத காரியம். மாமா அதைச் செய்தார். பதம் வந்த அன்று காலையில் அவருடைய புஞ்சைக்குப் போன மாடுகளை வழியிலேயே மறித்து நம் மேலப்புஞ்சைக்குத் திருப்பியது மதினிதான். "அந்தப் புள்ள ஆசுவத்திரில கெடக்கா, அவிய புஞ்ச தரிசாவா கெடக்கணும்?" என்று கேட்டாளாம். சித்தியிடம் சாவி வாங்கி வந்து, வீட்டைத் திறந்து, சாம்பல் போட்டு வைத்திருந்த உளுந்து விதைப் பானையை உன் சீத்தா அத்தை கையில் எடுத்துக் கொடுத்தது நீ. மாமா முன்னால் ஏர் ஓட்ட, அத்தை பின்னால் சாலில் விதை போட்டுக்கொண்டே போக, நீ வரப்பில் நின்று பார்த்தாய். மாமா மாடுகளைத் தெலுங்கில் அதட்டுவதை நீ அப்படியே செய்துகாட்டி ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சிரிக்க வைத்தாய்.

நம் புஞ்சை முடிந்து அவர்கள் தங்கள் புஞ்சைக்குள் இறங்குவதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொண்டது. அடைமழை. அது விட்டு, தண்ணீர் வடிந்து, மறுபடி பதம் வருவதற்குள் பருவம் தப்பிவிட்டது. பின்விதைப்பாகப் போட்டது பூக்கிற நேரத்தில் ஈரமில்லாமல் சுருண்டது. நம் களத்தில் உளுந்து அடிக்கும்போது அவர்கள் களம் வெறுமையாகக் கிடந்தது. மதினி நம் களத்துக்கு வந்து எனக்குத் தூற்றிக் கொடுத்தாள். முறத்தை வாங்கி நான் அவள் கையைப் பிடித்தபோது, "ஏட்டி, தூசி கண்ணுல விழுது, கையை விடு" என்று தட்டிவிட்டாள். நாம் அப்போது நன்றி கெட்டவர்களாக இருக்கவில்லை. அப்பா எழும்பி நடந்ததும் முதலில் போன வீடு அவர்கள் வீடுதான். ஸ்தோத்திர ஆராதனையில் அவர்கள் இருவர் பேரையும் சொல்லித்தான் அப்பா காணிக்கை படைத்தார். அப்பா சாட்சி சொன்னபோது அந்தக் கதையில் அவர்கள் இருந்தார்கள். உன் வாயில் வரும்போதுதான் இல்லாமல் போனார்கள்.

இதைப் போன வாரம் உன்னிடம் கேட்டேன். "அம்மா, சாட்சின்னா அதுல கர்த்தர் பேருதான் நிக்கணும். மனுஷனச் சொன்னா கேக்கிறவங்க கவனம் மனுஷன் மேல போயிரும்" என்றாய். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று விட்டேன். அடுத்து, "அதுவும் மாமா நம்ம சபை ஆளு இல்ல. வர்றவங்களுக்கு அது குழப்பமா இருக்கும்மா" என்றாய் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீ மனசில் விஷம் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பேச்சுக்கு நேரம் குறைவு, வருகிறவர்கள் களைத்து வருகிறார்கள், கதை நேராகப் போய் நெஞ்சில் இறங்க வேண்டும் என்றுதான் வளைவுகளை எல்லாம் செதுக்கியிருக்கிறாய். தச்சன் செதுக்குகிற மாதிரி நன்றாகத்தான் செதுக்கினாய். ஆனால் செதுக்கி எறிந்தது ஆள், ராசா.

நான் வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படம் பார்த்துக் கதை கேட்டவள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, கள்ளர் கையில் அகப்பட்டு வழியில் கிடந்த மனுஷன் கதை. ஆசாரியன் விலகிப் போனான், லேவியன் விலகிப் போனான், யாரும் சேர்த்துக்கொள்ளாத சமாரியன் வந்து காயம் கட்டித் தன் கழுதையின் மேல் ஏற்றிச் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்தச் சமாரியனும் கேட்டவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருந்திருப்பான். அவன் அவர்கள் சபை ஆள் இல்லையே. உன் மாதிரி அந்தக் கதையைச் சொல்வதென்றால் எப்படிச் சொல்ல வேண்டும்? குற்றுயிராய்க் கிடந்தவன் ஜெபித்தான், கண் திறந்து பார்த்தபோது சத்திரத்தில் இருந்தான், காயங்கள் கட்டப்பட்டிருந்தன, அல்லேலூயா. கதை நேராகத்தான் இருக்கிறது. ஆண்டவர் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று நீயே உட்கார்ந்து யோசி. கழுதையைக்கூட அவர் விட்டுவிடவில்லையே.

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் சுகந்தி ஞாபகம் வந்தது. உன் பேச்சைக் கேட்டு அவள் என்ன எடுத்துக்கொண்டு போனாள்? ஜெபித்தால் போதும், ஒரு நாள் வீட்டுக்குப் போகும்போது எல்லாம் முளைத்து நிற்கும் என்று எடுத்துக்கொண்டு போனாள். எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அதையாவது விடு. அங்கே அத்தனை பேர் கேட்டார்கள், அத்தனை பேரும் தங்களுக்கு யாராவது விதைத்துத் தர வேண்டும் என்று ஜெபித்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்கள். ஒருவரும் அடுத்தவர் புஞ்சைக்கு ஏரைத் திருப்பலாம் என்று எழும்பிப் போகவில்லை. எப்படிப் போவார்கள்? ஏர் ஓட்டினவரை நீ அவர்களுக்குக் காட்டவே இல்லையே. கர்த்தர் செய்தார் என்பதில் எனக்கு உன்னைவிடச் சந்தேகம் குறைவு. அந்த ஆஸ்பத்திரித் தரையில் முழங்கால் போட்டவள் நான். நான் கேட்டதைக் கர்த்தர் மதினி காதில் போட்டார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அவளை மறைத்துவிட்டால் அவர் செய்ததில் பாதி மறைந்துபோகிறது, மகனே.

நேற்று மாமாவுக்குப் போன் போட்டேன். உன்னிடம் சண்டை போடப்போகிறேன் என்று சொன்னதும், "அவன் சின்னப் பய, விடும்மா" என்றார். நாற்பதைத் தாண்டியவன் அவருக்குச் சின்னப் பயல். புதன்கிழமை என்னோடு மெட்ராஸுக்கு வாருங்கள், அவன் உங்கள் பேரைச் சொல்லட்டும் என்று கேட்டேன். "நான் அங்கன வந்து என்ன செய்ய? பேரச் சொல்லணும்னா அவ பேரச் சொல்லச் சொல்லு. மாட்டத் திருப்புனதும் அவதான், வெத போட்டதும் அவதான். நான் மாட்டுக்குப் பின்னால போனவன்" என்றார். அப்புறம் அவருடைய கவலையைச் சொன்னார். போன வெள்ளிக்கிழமை அங்கே நல்ல மழை. புதன்கிழமைக்குப் பதம் வந்துவிடும். டிராக்டர் சால் போட்டுத் தந்துவிடும், ஆனால் மக்காச்சோளம் ஊன்ற ஆள் கிடைக்கவில்லை. பொம்பளையாட்கள் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுகிறார்கள், மீதிப் பேரை எல்லாருமாகச் சேர்ந்து இழுக்கிறார்கள். மதினி இருந்தவரை அவருக்கு இந்தக் கவலை தெரியாது.

"நான் வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

"ஒனக்கு முட்டு வலிக்குமேம்மா."

"அது வீட்ல உக்காந்திருந்தாலும் வலிக்கத்தான் செய்யுது."

சிரித்தார். மதினி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

அதனால் டிக்கெட் போடாதே, ராசா. புதன்கிழமை நான் உன் கோயிலுக்கு வரவில்லை. இதை உன் மேல் கோபத்தில் எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதே. நான் வந்து உன் பக்கத்தில் நின்று கதையைத் திருத்தினால், அது அம்மா மகனைத் திருத்தியதாகத்தான் போகும். கேட்டவர்கள் அதைத்தான் பேசிக்கொண்டு போவார்கள். விட்டவன் வாயாலேயே அது வர வேண்டும். நீ பாட்டு முடிந்து பேச எழும்புகிற நேரத்தில், நான் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு மாமா புஞ்சையில் குனிந்துகொண்டிருப்பேன். சுகந்தி வந்திருந்தால் அவளை முன்வரிசையில் உட்காரச் சொல். அந்தத் தயிர்சாதக்காரியையும் அவள் பக்கத்தில் உட்காரச் சொல்.

அம்மா ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், கரிசலில் பதம் வந்துவிட்டது என்று சொல். அவர்களுக்குப் புரியாது. புரியும்படிச் சொல்ல வேண்டுமென்றால் நீ சீத்தா அத்தையின் பேரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

கோவில்பட்டியிலிருந்து,
உன் அம்மா